எதிர்வீட்டு வாசம்

அடுப்பு என்றால் தீ எரிய வேண்டும், இந்த ஓவனில் தீ எங்கே இருக்கிறது, மேலே இரண்டு கம்பி, கீழே இரண்டு கம்பி, அவை சிவக்கின்றன, அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டிக்குள்ளும்தான் கம்பி சிவக்கிறது, எதிர்வீட்டில் சாவு கிடக்கிறது என்பதற்காக யாராவது கசங்கின சட்டையோடா துக்கத்துக்கு வருகிறார்கள், காலையில் வந்த அசோசியேஷன் செக்ரட்டரியின் சட்டையில் மடிப்பு கலையவில்லை, நான் பார்த்தேன். அதனால் இது அடுப்பு இல்லை. காஸ் வால்வைத் திருகி மூடிவிட்டேன், காலையிலிருந்து ஒரு வாய் காபிகூட இந்த வீட்டில் போடவில்லை, அசோசியேஷன் அனுப்பின இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் மேஜைமேல் கிடக்கிறது. பிணம் எடுக்கிற வரைக்கும் இந்த மாடியில் யாரும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது என்பதை மதிக்காதவள் இல்லை நான். ஆனால் பிணம் இன்றைக்கு எடுக்கப் போவதில்லை, அமெரிக்காவில் இருக்கிற பெண் விமானம் மாறி விமானம் மாறி நாளைக்குத்தான் வந்து சேர்வாள், அதுவரைக்கும் கோதண்டராமன் அண்ணா அவர் வீட்டு ஹாலில், ஐஸ் பெட்டிக்குள், தாடையில் ஒரு வெள்ளைத் துணிக் கட்டோடு படுத்திருக்க வேண்டியதுதான். இவர் இன்றைக்கு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார். இவர் வரும்போது டப்பா நிறைந்திருக்க வேண்டும்.

ஏன் அதைச் சொன்னேன். அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். காலையில் இவர் போன் செய்து, "ஏ சாரதா, கோதண்டம் போனை எடுக்க மாட்டேங்கறான், எங்க போனான்?" என்று கேட்டபோது எனக்குப் பின்னால் இந்திராணி அக்காவின் அழுகை சுவரைத் தாண்டி வந்துகொண்டிருந்தது, நான் டிவியைப் பெரிதாக வைத்துவிட்டு, "உடுமலைக்குப் போயிருக்காருங்க, ஏதோ கல்யாணமாமா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய்க்கு அது போதும். ஆனால் இந்த வாய் இருக்கிறதே, எது போதும் என்று அதற்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது, "உங்க டப்பாவை மறக்காமப் பண்ணிக் குடுத்துட்டுத்தான் போனாரு, மேஜை மேலதான் இருக்குது" என்று சேர்த்துக்கொண்டது. இவர் சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து இவர் சிரித்து நான் கேட்கவில்லை. "இன்னிக்கு ஞாயித்துக்கெழமையாச்சே, அதானே பாத்தேன், அவன் மறப்பானா" என்றார். சிரிப்பை வாங்கிவிட்டேன், இப்போது அதற்கான பண்டத்தைக் கொடுத்தாக வேண்டும். டப்பாவைத் திறந்து பார்க்கிற மனுஷன் இவர். வந்து உட்கார்ந்ததும் மாத்திரைக்கு முன்னால் அதைத்தான் கேட்பார், ஆஸ்பத்திரிக் கஞ்சியைத் தொடாமல் பட்டினி கிடந்தவர், "எனக்கு எதுவும் எறங்கலடி, கோதண்டம் டப்பா வரட்டும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர். டப்பா காலியாக இருந்தால் என்னைப் பார்ப்பார். என் முகத்தில் எதையும் மறைக்க முடியாது என்று கல்யாணமான புதிதிலிருந்து கேலி பேசிக்கொண்டிருக்கிறவர். டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார், ஸ்டென்ட் ரெண்டு வைத்திருக்கிறோம், ஆனாலும் இதயம் களைத்துப் போயிருக்கிறது, கொஞ்ச நாளைக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது, கெட்ட செய்தி எதுவும் காதில் போடாதீர்கள் என்று. கெட்ட செய்தி எதிர்க் கதவுக்குப் பின்னால் ஐஸ் பெட்டியாக உறுமிக்கொண்டிருக்கிறது டாக்டர், அதை எங்கே கொண்டுபோய் வைக்கட்டும்.

கிரனோலா. இந்தப் பேரை முதல்முதலாகக் கேட்டபோது நான் எவ்வளவு சிரித்தேன். ஓட்ஸை வெல்லத்தோடு வறுத்துத் தின்பதற்கு ஒரு பேரா, நம் ஊரில் இதைப் பொரிவிளங்காய் உருண்டை உடைந்துபோய்விட்டது என்று சொல்லுவார்கள் அண்ணா என்றேன். கோதண்டம் அண்ணா கோபித்துக்கொள்ளவில்லை. பம்புசெட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர், எதைச் செய்தாலும் அளவு, பதம் என்று நிற்பவர், பெண் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க வெளியே போக வழியில்லாமல் அடைந்து கிடந்தபோது யூட்யூபைப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார். வந்த அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையென்றால் அந்தச் சமையலறை அவருடையது, இந்திராணி அக்கா எட்டிப் பார்க்கக்கூட அனுமதி இல்லை. பட்டையும் நாட்டுச் சர்க்கரையும் வாதுமையும் சேர்ந்து சூடேறுகிற அந்த வாசம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் குழாய்கள் இறங்குகிற டக்ட் இடுக்கு வழியாக ஏறி எங்கள் படுக்கையறை ஜன்னலுக்குள் வரும், வந்ததும் இவர் பேப்பரைக் கீழே போட்டுவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்கதவு வழியாகப் போய் அவர்கள் சமையலறைக் கதவைத் தட்டுவார், டக் டக் என்று இரண்டு, கொஞ்சம் விட்டு இன்னொன்று. ஆறுவதற்கு முன்னால் தட்டிலிருந்து அள்ளி வாயில் போட்டுக்கொண்டு திட்டு வாங்குவார். "ஆறட்டும்டா நஞ்சப்பா, ஆறினாத்தான்டா மொறுமொறுப்பு" என்று அண்ணா கத்துவது இங்கே வரைக்கும் கேட்கும். இதைத் தினமும் தின்றால் எண்பது வரைக்கும் கேரண்டி, என்னைப் பார் என்று மார்பைத் தட்டுவார். தினமும் தின்றார், காலையில் நடந்தார், சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. நேற்று ராத்திரி படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தின்னாத மனுஷன் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறார் என்றாவது சொல்லலாமா என்றால் இவரும்தான் தின்றார், அதே டப்பாவிலிருந்துதான்.

செய்முறை என்னிடம் இருக்கிறது, அதுதான் கஷ்டம். போன மாசம் இந்திராணி அக்காவோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தபோது நான் அண்ணாவிடம் சும்மா கேட்டுவைக்க, அவர் வாட்ஸப்பில் பேசி அனுப்பினார், தட்டச்சு அவருக்கு ஆகாது. அப்போது நான் பாதிகூடக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்டாக வேண்டும். சத்தத்தைக் குறைத்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, எங்கள் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்கிறேன், எதிர்வீட்டு ஹாலில் வாயைக் கட்டிப் படுக்க வைத்திருக்கிறவர் என் காதுக்குள் வந்து பேசுகிறார். "ஏனுங் அம்மிணி, நல்லாக் கேட்டுக்குங்க. ஓட்ஸ் பாதி, கம்பு அவல் பாதி. ஓட்ஸ் மட்டும் போட்டீங்கன்னா அது அமெரிக்காக்காரன் சாப்பாடு, கம்பு சேந்தாத்தான் நம்ம சாப்பாடு." பின்னால் ஒரு பாத்திரம் விழுகிற சத்தம். "இந்திரா, அதை அங்க வெக்காத." மறுபடியும் எனக்கு. "பூசணி வெதை, சூரியகாந்தி வெதை, பாதாம் ஒடைச்சுப் போடோணும், அரைச்சறாதீங்க. நாட்டுச் சக்கரையைத் தண்ணி விடாம தேங்காயெண்ணெயில எளக்கிக்கோணும். பட்டை ஒரு துண்டு, அப்பறம் ரகசியம் ஒண்ணு, சொல்லட்டுங்களா?" சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு இருமல் இருக்கிறது. போன மாசம் அந்த இருமல் எனக்குக் கேட்கவில்லை. இப்போது அதைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்கிறேன், அது வெறும் இருமலா, நெஞ்சைப் பிடித்த இருமலா, யாராவது அப்போதே கவனித்திருந்தால், ஆனால் யார் கவனிப்பார்கள், இவர்கூடப் போன வாரம் வரைக்கும் மாடிப்படி ஏறிவிட்டு நின்று நின்று மூச்சு வாங்கினார், நான் தொப்பையைக் குறையுங்கள் என்று கேலி செய்தேன். ரகசியம் சுக்கு. ஒரு சிட்டிகை சுக்குப் பொடி. இவர் நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடும், அது இல்லாவிட்டால் இது யார் செய்தது என்று கேட்டுவிடும்.

தட்டை உள்ளே வைத்துக் குமிழைத் திருகிய உடனே சமையலறை விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிந்தது. எதிர்வீட்டில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, அதே வயரில்தானே எனக்கும் வருகிறது, இல்லை, மீட்டர் வேறு, எனக்குத் தெரியும், ஆனாலும் காதைச் சுவரில் வைத்துக் கேட்டேன். அந்த உறுமல் இருந்தது. லேசாகத் தணிந்து மறுபடி ஏறியது. என் ஓவன் சூடாவதற்கு அவருடைய குளிர்ச்சியிலிருந்து இழுத்துக்கொள்கிறதோ என்று ஒரு நினைப்பு, பைத்தியக்காரத்தனம், கம்பி ஒவ்வொரு தரம் சிவக்கும்போதும் விளக்கு மங்குகிறது, ஒவ்வொரு தரமும் நான் சுவருக்கு ஓடுகிறேன். அப்படி ஒரு தரம் காதை வைத்திருந்தபோது குயில் கூவியது. அண்ணாவின் போன். அதில் குயில் சத்தம்தான் அவர் வைத்திருந்தார், பார்க்கில் நடக்கும்போது அது கூவினால் நிஜக் குயில் ஒன்று மரத்திலிருந்து பதில் சொல்லும் என்று இவர் சொல்லிச் சிரிப்பார். இப்போது அங்கே அழுகைச் சத்தம் நின்றுவிட்டது, எல்லோரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குயில் கூவிக்கொண்டே இருந்தது. யார் கூப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சட்டையை மாட்டிக்கொண்டு, பில் கட்டப் போன எங்கள் மகன் மகேன் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிற இவர், சும்மா இருக்க முடியாமல் கூப்பிடுகிறார். கடைசியில் யாரோ அதன் வாயை அடைத்தார்கள்.

விடிகாலையில் இந்திராணி அக்கா வந்து கதவைத் தட்டினதும் நான்தான் முதலில் போய்ப் பார்த்தேன். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன், ஒருக்களித்து, ஒரு கையைக் கன்னத்துக்கு அண்டை கொடுத்து. காலைத் தொட்டேன். தொட்டதும் புரிந்துவிட்டது, கட்டிலும் அந்தக் காலும் ஒரே சூட்டில் இருந்தன. அப்போது எனக்கு அழுகை வரவில்லை, எனக்கு வந்தது என்ன என்பதை யாரிடமும் சொல்ல முடியாது, இந்தச் சமையலறையில் தனியாக நிற்கிறேன் என்பதால் எனக்குள் சொல்லிக்கொள்கிறேன், இவர் இல்லை, அப்பாடா, இவர் இல்லை என்றுதான் தோன்றியது. தேடி வந்தது ஒரு கதவு தள்ளித் தட்டிவிட்டுப் போயிருக்கிறது. அப்படி நினைத்த உடனே அடுத்த நினைப்பும் வந்தது, அது இன்னும் போகவில்லை, இந்த மாடியிலேயேதான் நிற்கிறது, இவர் திரும்பி வருகிற நாளைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறது. பெட்டிக்குள் வைத்து மேல்கண்ணாடியை மூடினபோது கண்ணாடிக்கு அடியில் அண்ணாவின் மீசை தெரிந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பார்க்கப் பார்க்க அது இவர் மீசையாகிவிட்டது, நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்திராணி அக்காதான் என் கையைப் பிடித்து, "சாரதா, நஞ்சப்பண்ணனுக்குத் தெரிய வேண்டாம், அவருக்குத் தாங்காது" என்றாள். புருஷனைப் பெட்டிக்குள் வைத்த கையோடு அடுத்தவள் புருஷனைப் பற்றி யோசிக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது, எது அதிகம் என்று கேட்டால் பயம்தான்.

எல்லாம் ஏற்பாடு செய்தாகிவிட்டது. முன்வாசலில் சாமியானாவும் நாற்காலியும், கண்ணீர் அஞ்சலி என்று அண்ணாவின் படம் போட்ட போர்டும் இருக்கின்றன, அதனால் மகேன் அப்பாவைச் சந்து வழியாகப் பின்கேட்டுக்குக் கொண்டுவருவான், முன்லிஃப்ட் ரிப்பேர் என்று சொல்லிப் பின்பக்க லிஃப்டில் ஏற்றுவான். அது சிலிண்டரும் பால்காரரும் வருகிற லிஃப்ட். இன்றைக்குக் காலையில் அதில்தான் ஐஸ் பெட்டியும் ஏறி வந்தது. யாரோ கொண்டுவந்த மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் அதன் தரையில் கிடந்தன, வாட்ச்மேனிடம் கூட்டிவிடச் சொன்னேன், கூட்டிவிட்டேன் என்றார், நான் போய்ப் பார்த்தேன், மூலையில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, நகத்தால் சுரண்டி எடுத்தேன். லிஃப்டை விட்டு இறங்கினால் சின்ன நடை, இடது பக்கம் எங்கள் சமையலறைக் கதவு, வலது பக்கம் அவர்களுடையது. நாலு எட்டு வைத்தால் உள்ளே வந்துவிடலாம். உள்ளே வந்ததும் படுக்கையறை, ஏசி, கதவைச் சாத்திவிட்டால் உறுமலும் கேட்காது, அழுகையும் கேட்காது, நாளைக்குத் தூக்க மாத்திரை, அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம்? அப்புறம் உடுமலைக் கல்யாணம் எத்தனை நாள் நடக்கும் என்று மகேன் கேட்டான். இன்றைக்கு இன்றைக்கான பொய்யைச் செய்வோம்டா என்றேன்.

வாசம் வந்துவிட்டது. முதலில் தேங்காயெண்ணெய், அப்புறம் பட்டை, அப்புறம் நாட்டுச் சர்க்கரை இளகிப் பிடிக்கிற அந்த வாசம், கடைசியில் லேசாகச் சுக்கு. குனிந்து கண்ணாடி வழியே பார்த்தேன். ஓட்ஸின் ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. பாதியில் ஒரு தரம் மட்டும் புரட்ட வேண்டும் என்றார், புரட்டினேன். எங்கள் வீட்டில் இந்த வாசம் இந்த அளவுக்கு இருந்ததே இல்லை, எப்போதும் டக்ட் வழியாகத் தேய்ந்துதான் வரும். அப்போது முன்கதவை யாரோ தட்டினார்கள். அடுப்பு பற்றவைத்துவிட்டேன் என்று யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். திறந்தால் இந்திராணி அக்காவின் தங்கை வசந்தா நிற்கிறாள், அழுது வீங்கின முகம். "அக்கா, கொஞ்சம் வர்றீங்களா? எங்கக்கா என்னமோ மாதிரி பேசறா, எனக்குப் பயமா இருக்குது" என்றாள். "என்ன வசந்தா?" "திடீர்னு எந்திரிச்சு ஒக்காந்து, 'அவரு அடுப்படியில இருக்காரு, வாசம் வருது பாரு, போயி அடுப்பை அணைக்கச் சொல்லு, கருகிரும்'னு சொல்றா. மாமா இங்கதான படுத்திருக்காருன்னா, 'அதெப்படி, ஞாயித்துக்கெழமை அவரு எப்படிப் படுத்திருப்பாரு'ங்கறா. எந்திரிச்சு சமையக்கட்டுக்கே போயிட்டா, பிடிச்சு இழுத்துட்டு வந்தோம்." பேசிக்கொண்டே வசந்தா மூக்கை உறிஞ்சினாள். என் தோளுக்குமேல் உள்ளே பார்த்தாள். வர்றேன் போ, அக்காவுக்குத் தண்ணி குடு என்று கதவைச் சாத்தினேன்.

டக்ட். எப்படி மறந்தேன். அங்கேயிருந்து இங்கே வருகிற வாசம் இங்கேயிருந்து அங்கே போகாதா, அது என்ன ஒருவழிப் பாதையா. ஓடிப்போய் டக்ட் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன், எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்தினேன், சாத்தினதும் சமையலறை முழுக்க அடைத்துக்கொண்டது, முன்பக்கம் தள்ளினால் ஹால் வழியாக முன்கதவின் அடியால் போய் நேரே பெட்டி இருக்கிற இடத்துக்கே போகும், அதனால் பின்கதவைத் திறந்துவிட்டேன். நடையில் ஜன்னல் கிடையாது, ஆனாலும் லிஃப்ட் குழி இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, எங்கேயாவது போய்த் தொலையட்டும், இந்திராணி அக்காவை மட்டும் தொடாமல் இருக்கட்டும். கதவில் நின்று முந்தானையால் விசிறி விசிறி வெளியே தள்ளினேன். எதிர்க் கதவு மூடியிருந்தது. அந்தக் கதவின் நடுவில், இவர் விரல் படுகிற இடத்தில் பெயிண்ட் லேசாக மங்கியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொண்டே விசிறினேன். இந்திராணி அக்கா எழுந்து உட்கார்ந்து அடுப்பை அணைக்கச் சொல் என்று சொன்னாளே, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் அவர் அவளுக்கு உயிரோடு இருந்திருக்கிறார், என்னால், அது பாவமா புண்ணியமா என்று தெரியவில்லை. பாவம்தான். மறுபடி ஒரு தரம் அவரை அவளுக்குச் சாகவிட்டுவிட்டார்களே. அப்போது போன் அதிர்ந்தது, மகேன். "அம்மா, சிக்னல்ல நிக்கறோம். அப்பா ரொம்ப உற்சாகமா இருக்காரு. டப்பா டப்பான்னு ஒரே பேச்சு." பின்னாலிருந்து இவர் குரல், "ஏன்டா, உங்கம்மா அதுல கை வெச்சுட்டாளான்னு கேளு." படிக்கட்டில் யாரோ ஏறுகிற சத்தம் கேட்டது, சாவு மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பலகாரம் செய்கிறாள் என்று பேர் வாங்க வேண்டாம் என்று பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

ஓவன் மணி அடித்தது. தட்டை எடுத்து மேடையில் வைத்தேன், தொட்டால் மெத்தென்று இருக்கிறது, ஐயோ, பதம் தப்பிவிட்டதா, இன்னும் கொஞ்சம் வைக்க வேண்டுமா, போனைத் தேடி எடுத்துக் காதில் வைத்தேன். "வெளிய எடுத்தவுடனே மெத்துனுதான் இருக்கும். பயந்துக்காதீங்க. திரும்ப உள்ள வெச்சுராதீங்க, கருகிப் போயிரும். கரண்டியில ஒரு அழுத்து அழுத்தி விட்டுட்டு, தொடாம வெச்சிருங்க. கிளறாதீங்க. ஆறட்டும். ஆறினாத்தான் மொறுமொறுப்பு." அழுத்தினேன். தொடாமல் வைத்தேன். தொடாமல் நிற்பது எவ்வளவு கஷ்டம். அதற்குள் திராட்சையையும் அத்திப்பழத்தையும் நறுக்கினேன், அதெல்லாம் ஆறின பிறகுதான் சேர்க்க வேண்டும். வாராவாரம் அண்ணா நிறைத்துக் கொடுக்கிற நீல டப்பாவைத் திறந்தேன். போன வாரமே கழுவித் துடைத்து, வெறும் டப்பாவாகத் திருப்பக் கூடாதென்று அதில் நாலு முறுக்கு போட்டு வைத்திருந்தேன், கொடுக்கப் போகிற நேரத்தில்தான் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். முறுக்கு அப்படியே இருந்தது. அண்ணாவுக்கு என் கைமுறுக்கு என்றால் உயிர். அதை எடுத்து ஒரு தட்டில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் அவர் சமையலை நான் போடப் போகிறேன். ஒரு கட்டியை உடைத்து வாயில் போட்டேன். மொறுமொறுவென்று உடைந்தது. பட்டை வந்தது, நாட்டுச் சர்க்கரை வந்தது, கம்பு வந்தது, எல்லாம் போன பிறகு அடிநாக்கில் சுக்கு வந்து நின்றது. அவர் செய்ததேதான். என்னால் நம்ப முடியவில்லை, இது நான் செய்ததல்ல, அவரே வந்து நின்று செய்துவிட்டுப் போனதுதான், யாராலும் வித்தியாசம் சொல்ல முடியாது, இவரால்கூட முடியாது. இத்தனைக்கும் நடுவில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது, தப்பித்துவிட்டோம் என்று டப்பாவை நிறைத்து மூடியை அழுத்தினேன்.

லிஃப்ட் ஏறி வருகிற சத்தம். பழைய லிஃப்ட், ஒவ்வொரு மாடியிலும் ஒரு குலுக்கல். முகத்தைக் கழுவியிருக்கலாம், பொட்டு கலைந்திருக்கிறதா, கண் சிவந்திருந்தால் வெங்காயம் என்று சொல்லலாம், அடுப்பே பற்றவைக்காத வீட்டில் என்ன வெங்காயம். சுவருக்கு அந்தப் பக்கம் உறுமல் இருந்தது, அழுகை இல்லை, நல்லவேளை. லிஃப்ட் கதவு திறந்தது. இவருடைய செருப்புச் சத்தம், இழுத்து இழுத்து, ஆனால் இவருடையதுதான். மகேன் சொல்கிறான், "மெதுவாப்பா, என்னைப் பிடிச்சுக்குங்க." செருப்புச் சத்தம் நின்றது. ஒரு நீளமான மூச்சு, மூக்கால் இழுக்கிற மூச்சு. இங்கே வரைக்கும் கேட்டது. டப்பாவைப் பிடித்திருந்த என் கை அப்படியே நின்றது. வெளியே நான் விசிறித் தள்ளினது எல்லாம் போக வழியில்லாமல் அந்த நடையிலேயே, இரண்டு மூடின கதவுகளுக்கு நடுவிலேயே நிற்கிறது. "அடேய்" என்றார் இவர். குரலில் சிரிப்பு. "உடுமலைக்குப் போனானாம்ல, உங்கம்மா என்ற காதுல பூச் சுத்தறா பாரு. சுடச்சுட பண்ணிட்டிருக்கான்டா. நான் வர்றேன்னு ஒளிஞ்சுட்டு வேலை காட்டறான்." மகேன், "அப்பா, அப்பா, நம்ம வீடு இந்தப் பக்கம், முதல்ல உள்ள வந்து ஒக்காருங்க" என்கிறான். "விடுறா கையை. ஆறிப் போறதுக்கு முன்னால ஒரு வாய் அள்ளோணும்."

தாழ்ப்பாள். எங்கள் தாழ்ப்பாள் மேலே ஒன்று கீழே ஒன்று, நான்தான் இரண்டையும் போட்டேன், டப்பாவை வைத்துவிட்டு மேல் தாழைப் பிடித்து இழுக்கிறேன், கையெல்லாம் எண்ணெய், வழுக்குகிறது, "ஏங்க" என்று கூப்பிடுகிறேன், எனக்கே கேட்காத குரல், "ஏங்க, இங்க வாங்க, டப்பா இங்க இருக்குது." டக் டக். கொஞ்சம் விட்டு, டக். "கோதண்டம், வந்துட்டேன்டா, தெற." மேல் தாழ் விலகிவிட்டது, கீழ்த் தாழ் மாட்டிக்கொண்டது, குனிகிறேன், அந்தத் தட்டலைக் கேட்டு எழுந்து வர அந்த வீட்டில் இப்போது ஒருத்திதான் இருக்கிறாள், அவளை யாராவது பிடித்து உட்கார வையுங்கள், வசந்தா, பிடி, விடாதே. எதிர் வீட்டுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. சுவருக்குப் பின்னால் இத்தனை நேரமும் அமுங்கிக் கிடந்த அந்த உறுமல் தடுக்க எதுவும் இல்லாமல் நடைக்கு வந்தது. அப்புறம் இவர் கேட்டார், "ஏம்மா இந்திராணி, உள்ள அதென்ன சத்தம்?"